எவ்வளவு அடுக்கி வைத்தால் இந்தப் பயம் போகும்?

வாசகியின் கடிதம்:

"மேடம், வடசென்னை கொருக்குப்பேட்டையில கீழ் வீட்டுல வாடகைக்கு இருக்கோம். எனக்கு 34 வயசு. வீட்டுக்காரர் லோடுமேன். நான் வீட்டுலயே ஜாக்கெட் தைக்கிறேன். பொண்ணு பத்தாவது, பையன் ஒண்ணாவது. மாமியாருக்குச் சுகர், மாத்திரையோட இன்சுலினும் போடுறாங்க. 2023 டிசம்பர் புயல்ல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. நாலு நாள் கரெண்ட் இல்ல. மாடி வீட்டுல ஒரே ரூம்ல பதினோரு பேர். பாத்ரூம் போகக் கூச்சப்பட்டு நான் தண்ணியே குடிக்கல. அரிசி மூட்டை, தையல் மெஷின், மெத்தை எல்லாம் போச்சு. பாலுக்கும் தண்ணி கேனுக்கும் சொன்ன விலைதான். அப்போ வீட்டுக்காரருக்குத் தெரியாம 20,000 தண்டல் வாங்குனேன், தினம் 200 கட்டி 100 நாள்ல அடைக்கிற கடன். கைக்கு 17,000 வந்துச்சு. அதை அடைக்க இன்னொண்ணு, அதை அடைக்க இன்னொண்ணுன்னு ஆறு முடிஞ்சு ஏழாவது ஓடுது. இப்ப வானம் கறுத்தாலே நெஞ்சு படபடங்குது. அரிசி, மெழுகுவத்தி, தீப்பெட்டின்னு வாங்கி வாங்கி அடுக்குறேன். ராத்திரியில எழுந்து டப்பாவைத் திறந்து திறந்து பார்க்குறேன். மிச்சமாகட்டும்னு ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டேன். போன வாரம் பையன் குடத்தைத் தட்டிவிட்டான், அடிச்சுட்டேன். 'உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு'ன்றார் அவர். நிஜமாவே என் புத்தி கெட்டுப்போச்சா? எவ்வளவு அடுக்கி வெச்சா இந்தப் பயம் போகும்?"

மனநல சமூகப் பணியாளரின் பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் புத்தி கெடவில்லை. நான்கு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில், இருட்டில் மாடிப்படி தேடி ஏறியிருக்கிறீர்கள். அந்த ராத்திரியை உடம்பு அவ்வளவு சீக்கிரம் மறக்காது. தகரத்தில் மழை விழுகிற சத்தமோ, ஈரச் சுவரின் வாடையோ, சாக்கடை பொங்கும்போது எழுகிற நாற்றமோ போதும், நீங்கள் யோசிப்பதற்கு முன்பே உடம்பு மணி அடித்துவிடுகிறது. அதுதான் அந்தப் படபடப்பு. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் ஐப்பசி பிறந்தால் இதே படபடப்போடு வாழ்கிற பெண்கள் எத்தனையோ பேர். வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் படபடப்பு முழுவதும் பயத்தால் மட்டும் வருகிறது என்று நான் நினைக்கவில்லை. எத்தனையோ மாதமாக ராத்திரிச் சாப்பாட்டை விட்டவர் நீங்கள். ரத்தம் குறைந்தாலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும். படியேறினால் மூச்சு வாங்கும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். வருகிற திங்கட்கிழமை காலை உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பாருங்கள். காசு கிடையாது. பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையையும் அங்கேயே தருவார்கள். தைராய்டையும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மனசைப் பற்றி எழுதியவருக்கு ரத்தப் பரிசோதனை சொல்கிறேனே என்று எண்ண வேண்டாம். வயிறு காய்ந்த உடம்பில் பயம் இரண்டு பங்காகத் தெரியும்.

இனி இரண்டாவது கேள்வி. எவ்வளவு அடுக்கினாலும் போகாது, தங்கை. ஏன் என்று சொல்ல ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, வீடிழந்த மீனவக் குடும்பங்களைத் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளில் தங்கவைத்திருந்தார்கள். நான் அப்போது வேலைக்குப் புதுசு. அங்கே ஓர் அக்கா தலைமாட்டில் பிஸ்கட் பாக்கெட்டுகளாக ஒளித்து வைப்பார். எறும்பு மொய்க்கும், எலி வரும், பிள்ளைகள் அழும். நடுராத்திரி எழுந்து எண்ணிப் பார்ப்பார். "வேணாம்க்கா, நாளைக்கும் சாப்பாடு வரும்" என்று நாங்கள் எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள், பொதுச் சமையலுக்கு வருகிற அரிசி பருப்பைப் பார்த்துக்கொள்ள மூன்று பெண்களை அந்தச் சனங்களே நியமித்தார்கள். அந்த அக்கா அதில் ஒருவர். தினமும் சாயங்காலம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, நாளைக்கு என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதி எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள். சில வாரங்களில் தலைமாட்டுப் பாக்கெட்டுகள் குறைந்தன. அவருடைய பங்கு ஒரு பிடிகூட அதிகமாகவில்லை. இருட்டில் தனியாக எண்ணியதை வெளிச்சத்தில் நாலு பேரோடு எண்ண ஆரம்பித்தார். வேறு எதுவும் மாறவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி வரிக் கேள்வி இல்லை. நடுவில், போகிற போக்கில், "வீட்டுக்காரருக்குத் தெரியாம" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம். டப்பாவில் எத்தனை படி அரிசி, இன்றைக்குத் தண்டலுக்கு 200 ரூபாய் எங்கே, அத்தைக்கு இன்சுலின் எத்தனை நாளுக்கு வரும், எல்லாமே உங்கள் ஒருத்தி தலைக்குள் ஓடுகிறது. வீட்டில் மற்ற நான்கு பேருக்கும் தெரியாது. அந்தக் கணக்கைத்தான் ராத்திரி எழுந்து டப்பா டப்பாவாகத் திறந்து பார்க்கிறீர்கள். இன்னும் ஒரு மூட்டை வாங்கினால் எண்ணுவதற்கு இன்னும் ஒன்று கூடும், அவ்வளவே.

ஆகவே பணத்திலிருந்து தொடங்குவோம். கசப்பான இடம்தான், ஆனால் இதைத் தாண்டாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

20,000 எழுதி 17,000 கொடுத்தார்கள். நாளைக்கு 200 வீதம் 100 நாள். ஒரு சுற்றுக்கு 3,000 பிடித்தம். ஏழு சுற்றுக்கு 21,000. முதல் தடவை உங்கள் கைக்கு வந்ததே 17,000தான், அதைவிட அதிகமாகப் பிடித்தமாகவே கொடுத்துவிட்டீர்கள். 3,000 சின்னத் தொகையாகத் தெரியலாம். ஆனால் தினமும் கட்டிக்கொண்டே வருவதால் சராசரியாக உங்களிடம் இருந்தது அந்தப் பணத்தில் பாதிதான். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பேர் சொல்லியே தடுக்கிறது. நாளைக்கே போலீஸ் ஸ்டேஷன் படியேறச் சொல்ல இதை எழுதவில்லை. வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டாலோ மிரட்டினாலோ நீங்கள் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை என்று தெரிந்துகொள்வதற்காக.

இந்த ஏழாவதை முடியுங்கள். எட்டாவது வேண்டாம். முடிக்கப் பணம் தேவைப்பட்டால் தெருவில் உள்ள மகளிர் சுய உதவிக் குழுவில் உள்கடன் கேளுங்கள். குழுவில் நீங்கள் இல்லையென்றால் சேருங்கள். அரைப் பவுன் கம்மல் இருந்தாலும் கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ நகைக்கடன் வைப்பது தண்டலைவிட எவ்வளவோ மேல்.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும். அவர் நிதானமாக இருக்கும் ஒரு ராத்திரியில், சாப்பிட்டு முடித்த பிறகு, அத்தையும் பிள்ளைகளும் தூங்கினதும் பேசுங்கள். என்ன சொல்வது என்று தடுமாறினால் இப்படித் தொடங்கலாம்: "இன்னாங்க, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். அந்த மழையில தண்டல் வாங்குனேன். புள்ளைங்களுக்குப் பாலும், அத்தைக்கு மருந்தும் வாங்க. இன்னும் முடியல. தனியா கட்டிக் கட்டி மூச்சு முட்டுது. திட்டணும்னா திட்டுங்க, ஆனா கணக்கைப் பாத்துட்டுத் திட்டுங்க." சொல்லிவிட்டு எழுதி வைத்த காகிதத்தை நீட்டுங்கள். அவர் கோபப்படலாம். மழைக்காலத்தில் லோடு இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆம்பளைக்கு, வீட்டில் அரிசி அடுக்கப்படுவதைப் பார்த்தால் 'நீ சம்பாதிக்கிறது போதாது' என்று சொல்வதுபோல் இருக்கும். 'கிறுக்கு' என்று அவர் சொன்னதில் அந்த வலியும் இருக்கிறது. கை நீட்டுவார் என்ற பயம் உங்களுக்கு இருந்தால் மட்டும் தனியாகப் பேசாதீர்கள். அவர் மதிக்கிற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் மனதில் வைத்திருங்கள்.

இனி அந்த நாலு நாளை நிதானமாக நினைத்துப் பாருங்கள். கஷ்டம்தான், ஆனால் பகலில், யாராவது பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். உங்களுக்கு என்ன கிடைக்காமல் போயிற்று? கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: தண்ணீர், பால், கையில் காசு, மறைவாக ஓர் இடம். அரிசி கிடைக்கவில்லை என்று ஒரு வரிகூட இல்லை. இருந்த அரிசி நனைந்து வீணானது என்றுதான் இருக்கிறது. அப்படியிருக்க, இப்போது அதே கீழ் வீட்டில், அதே தரையில் மறுபடி அரிசியை அடுக்குகிறீர்கள். பயம் எதை இழந்ததோ அதையே வாங்கச் சொல்லும், எது தேவைப்பட்டதோ அதை மறந்துவிடும்.

நம் பக்கம் தண்ணீர் ஏன் அத்தனை நாள் நின்றது என்று தெரிந்துகொண்டால் எத்தனை நாளுக்குத் தயாராக வேண்டும் என்பதும் பிடிபடும். வடசென்னை கடல்மட்டத்தைவிடப் பெரிதாக உயரமில்லாத சமதரை. கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா என்கிற ஓடை, பக்கிங்ஹாம் கால்வாய் என்று எல்லாம் சுற்றிச் சுற்றிக் கடலைத்தான் தேடிப் போக வேண்டும். நீங்கள் எழுதிய அந்த மிக்ஜாம் புயல் டிசம்பர் 3, 4 தேதிகளில் கரைக்கு அருகிலேயே மெதுவாக நகர்ந்தது. மழையும் நிற்கவில்லை, கொந்தளித்த கடலும் தண்ணீரை உள்ளே வாங்கவில்லை. புயல் 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையேறிய பிறகும் நம் தெருக்களில் தண்ணீர் வடியவில்லை. ஆகவே மழை விட்டதும் சரியாகிவிடும் என்று கணக்குப் போடக் கூடாது. நாலைந்து நாளுக்குத் தயாராக இருங்கள், அது போதும். ஆறு மாசத்துக்கு அடுக்க வேண்டியதில்லை.

தண்ணீர்க் கணக்கு மிக எளிது. குடிக்கவும் சமைக்கவும் ஒரு ஆளுக்கு நாளைக்கு மூன்று லிட்டர். ஐந்து பேர், நாலு நாள், 60 லிட்டர். அதாவது மூன்று கேன். அவ்வளவுதான். இதை வருஷம் முழுக்க வைத்திருக்க வேண்டாம். ஆரஞ்சு அலர்ட்டோ ரெட் அலர்ட்டோ சொன்ன அன்றைக்கு விலை ஏறுவதற்குள் வாங்கி, மாடி வீட்டில் வைத்துவிடுங்கள். புழங்க இருக்கிற குடங்களிலெல்லாம் பிடித்து மூடி வையுங்கள். அடிபம்புத் தண்ணீரை வெள்ளம் வந்த பிறகு நம்பாதீர்கள், சாக்கடை கலந்திருக்கும். வேறு வழியில்லையென்றால் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிஷமாவது கொதிக்கவிடுங்கள். கேஸ் இல்லையென்றால் மாநகராட்சி தருகிற குளோரின் மாத்திரையை அட்டையில் எழுதியிருக்கிற அளவில் போட்டு அரை மணி நேரம் வையுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு. ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பாதி டம்ளரில் கரைத்துக் கொடுப்பதெல்லாம் ஆபத்து.

பாலுக்கு அத்தனை அலைய வேண்டாம். உங்கள் பையனுக்கு ஆறு வயதாகிறது. நாலு நாள் பால் இல்லாமல் கேழ்வரகுக் கஞ்சி, பொட்டுக்கடலை மாவு, வேர்க்கடலை, வாழைப்பழம் என்று அவன் நன்றாகவே இருப்பான். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிய அந்தப் பாக்கெட்டுகளுக்காக இன்றைக்கும் தண்டல் கட்டுகிறீர்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு பொறுக்கவில்லை. மாடியில் கைக்குழந்தை இருந்தால் அது வேறு விஷயம். அந்தத் தாய்க்குச் சாப்பாடும் தண்ணீரும் முதலில் போகட்டும், அவள் தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுக்கட்டும். அழுக்குத் தண்ணீரில் பவுடர் கலக்கிப் புட்டியில் கொடுப்பதைப்போல ஆபத்து வேறில்லை.

இப்போது யாரும் பேசாத ஒன்று. பாத்ரூம் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியை 2004 சுனாமியிலும் கேட்டேன், 2015 வெள்ளத்திலும் கேட்டேன். நிவாரணம் கொண்டுவருகிறவர்கள் பிரெட் கொண்டுவருகிறார்கள், போர்வை கொண்டுவருகிறார்கள். இதைக் கேட்பாரில்லை. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, சிறுநீரை அடக்கி, தண்ணீர் வடிந்ததும் நீர்க்கடுப்போடும் காய்ச்சலோடும் வருகிற பெண்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் மகளும் அந்த நாலு நாள் இதையேதான் செய்திருப்பாள். அவளுக்கு இன்றைக்குப் பதினைந்து வயது, மாதவிலக்கும் கூட உண்டு. ஆகவே உங்கள் பட்டியலில் அரிசிக்கு மேலே இதை எழுதுங்கள்: மூடி போட்ட பிளாஸ்டிக் பக்கெட் ஒன்று, கனமான பிளாஸ்டிக் பைகள், ஒரு பை உலர்ந்த மணலோ சாம்பலோ, மறைப்புக்கு இரண்டு பழைய புடவை, நாப்கின் இரண்டு பாக்கெட். மொட்டை மாடியில் ஒரு மூலையைப் புடவையால் மறைத்துக்கொள்ளலாம் என்று மாடி வீட்டு அக்காவிடம் மழை வருவதற்கு முன்பே பேசி வையுங்கள். பேசும்போது கூச்சமாக இருக்கும். மழையில் தவிப்பதைவிட இந்தக் கூச்சம் லேசு. கீழ் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கழிவறைக் கோப்பையில் மணல் நிரப்பிய பையை அமுக்கி வைத்துவிட்டுப் போங்கள், சாக்கடை எதிர்த்து ஏறுவதைக் கொஞ்சமாவது தடுக்கும்.

உங்கள் மாமியாரைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வீட்டில் உயிர் ஆபத்து இருப்பது அவருக்குத்தான். பிரித்துப் பயன்படுத்த ஆரம்பித்த இன்சுலின் பொதுவாக 28 நாள் வரை ஃபிரிட்ஜ் இல்லாமல் தாங்கும், 30 டிகிரிக்கு மேல் சூடு ஏறக் கூடாது. மண்பானையில் ஈர மணல் போட்டு, மருந்தைச் சின்ன டப்பாவில் இறுக்கி மூடி அதற்குள் வைத்தால் போதும். ஐஸ்கட்டியோடு ஒட்டிவைத்து உறைந்துபோனால் அந்த மருந்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறார்கள் என்றால், மழைக்காலமான இந்த மூன்று மாதமும் தேதி தள்ளாமல் வாங்கிவிடுங்கள். மருந்து கொண்டுவருகிற சகோதரியிடம் தவறாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "சாப்பாடு குறைஞ்சா ஊசியும் மாத்திரையும் எவ்வளவு?" தட்டுப்பாட்டில் நிறையப் பேர் தவறுகிற இடம் இது. சாப்பாடு பாதியாகிவிடும், மருந்து முழுசாகப் போகும், சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடி கொடுங்கள், தெளிந்ததும் சாப்பாடு. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108. அவரை வெள்ளத் தண்ணீரில் நடக்க விடாதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கண்ணாடி குத்தினாலும் தெரியாது, புண்ணும் ஆறாது. எலிக்காய்ச்சலும் அந்தத் தண்ணீரில்தான் பரவுகிறது. வெள்ளம் வடிந்த பின் உங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தாலும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

அவர் வெறும் நோயாளி மட்டும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஃபிரிட்ஜும் கேனும் இல்லாமல் குடும்பம் நடத்தியவர். கருவாட்டை எப்படிப் பத்திரப்படுத்துவது, ஒரு சட்டி பருப்புக் கஞ்சியில் ஐந்து பேர் வயிற்றை எப்படி நிரப்புவது, கேஸை எப்படி மிச்சம் பிடிப்பது என்று உங்களைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். கேளுங்கள். பொறுப்பைக் கொடுங்கள். அந்தக் கணக்கில் ஒரு பங்கு அவர் தலைக்கும் போகட்டும்.

சாப்பாட்டுக்கு நாலு நாளுக்கு ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பாசிப்பருப்பு, அவல், கருவாடு, ஊறுகாய், வெல்லம் இருந்தால் தாராளம். மூடி போட்ட டிரம்மில் பரணுக்கு ஏற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ரேஷனை மாசத்தின் முதல் வாரத்திலேயே வாங்கிவிட்டால் தனியாக அடுக்க வேண்டியதே இல்லை. விலையில்லா அரிசியோடு துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு லோடு இல்லாத நாட்களில் அம்மா உணவகத்தில் சாப்பிடுங்கள். 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதம். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கிளம்பும்போது முதலில் மேலே ஏற வேண்டியது தையல் மெஷின். அரிசி மூட்டை போனால் மறுபடி வாங்கலாம், மெஷின் போனால் அதை வாங்குகிற வருமானமும் போகிறது. இரண்டு திருகைத் தளர்த்தினால் மெஷின் தலை தனியாக வந்துவிடும், மோட்டார் இருந்தால் அதையும் கழற்றுங்கள். உங்கள் வீட்டுக்காரர் தூக்காத லோடா? அதை அவர் பொறுப்பாக எழுதுங்கள். தைக்கக் கொடுத்திருக்கிற ஜாக்கெட் துணிகளும் மேலே போகட்டும், அது அடுத்தவர் பொருள். ரேஷன் கார்டு, ஆதார், மகளின் பள்ளிச் சான்றிதழ்கள், பாஸ்புக் எல்லாம் இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் மகளின் பொறுப்பு. சிலிண்டரை மூடி ரெகுலேட்டரைக் கழற்றிக் கட்டிப்போடுங்கள், இல்லையென்றால் மிதக்கும். திரும்பி வந்ததும் கேஸ் வாடை அடித்தால் விளக்கு, சுவிட்ச் எதையும் தொடாமல் 1906க்குக் கூப்பிடுங்கள். எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போட வேண்டாம்.

கையில் நோட்டாகக் கொஞ்சம் காசு வேண்டும், பத்தும் ஐம்பதும் நூறுமாக. 2016 டிசம்பர் 12 வர்தா புயலை நினைத்துப் பாருங்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். ஏடிஎம்மில் காசு இல்லை, கார்டு தேய்க்கக் கரெண்ட் இல்லை. இன்றைக்கு எல்லாம் போனில் கட்டுகிறோம். டவர் போனால் அதுவும் போயிற்று. 2023இல் அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாக டிசம்பர் 17 முதல்தான் வந்தது. மழைக்கும் அதற்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு வாரம். உங்களைத் தண்டல்காரர் பிடித்தது அந்த இரண்டு வாரத்தில்தான். அந்த இடைவெளிக்கு ஒரு தொகை இருந்தால் எட்டாவது சுற்றே வராது.

அதற்கு எனக்கு ஒரு யோசனை. நம் தெருக்களில் தீபாவளிச் சீட்டு போடாத பெண் இல்லை. மாசம் மாசம் கட்டி, தீபாவளிக்கு ஸ்வீட்டும் பாத்திரமும் வாங்குகிறோம். அதேபோல் தை மாசத்திலிருந்து ஒரு மழைச் சீட்டு போடுங்கள். பத்துப் பெண்கள் போதும், மாசம் 300. பணம் யார் வீட்டிலும் இருக்கக் கூடாது, சுய உதவிக் குழுவின் வங்கிக் கணக்கில் இருக்கட்டும். ஐப்பசியில் ஆளுக்கு 3,000 ஆகியிருக்கும். மழை அடித்தால் கையில் காசு, அடிக்கவில்லையென்றால் பொங்கலுக்குத் துணி. மாடி வீட்டு அக்காவையும் சேர்த்துக்கொண்டால், அவர் அறையில் அடுத்த தடவை நீங்கள் ஒண்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, பங்காளியாக உட்காருவீர்கள்.

டிவியைப் பற்றி ஒரு வார்த்தை. வானிலைச் செய்தியைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பாருங்கள். வாட்ஸ்அப்பில் 'ஏரி உடைஞ்சிருச்சு' என்று வருகிற குரல் பதிவுகளைத் திறக்காமலே விடுங்கள். டப்பா திறந்து பார்ப்பதற்கு நேரம் ஒதுக்குங்கள்: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், விளக்கு வெளிச்சத்தில், எல்லாரும் இருக்கும்போது. மகள் எழுதட்டும், நீங்கள் சொல்லுங்கள், அந்தக் காகிதத்தைச் சுவரில் ஒட்டுங்கள். ராத்திரி விழிப்பு வந்தால் டப்பாவிடம் போகாமல் சுவரைப் பாருங்கள். முதல் பத்து நாள் கை பரபரக்கும். பாதி நாள் தோற்றுப்போவீர்கள், பரவாயில்லை.

பையனிடம் மன்னிப்புக் கேளுங்கள். "அம்மா பயத்துல அடிச்சுட்டேன்டா, உம்மேல தப்பில்ல" என்றால் போதும். டார்ச் லைட்டும் பேட்டரியும் அவன் பொறுப்பு என்று கொடுத்துவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளை அதைக் கண்போல் பார்த்துக்கொள்வான். பிள்ளைகளிடம் 'மழை வராது' என்று பொய் சொல்ல வேண்டாம். வந்தால் யார் எதைத் தூக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே பிடிக்கவில்லை, மழையில்லாத நாளிலும் படபடப்பு நிற்கவில்லை, எதற்கு வாழ்கிறோம் என்று ஒரு தடவையாவது தோன்றியது என்றால் காத்திருக்காதீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், செலவில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அவளுக்குப் பத்தாம் வகுப்பு இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.

இன்றைக்கு ராத்திரியிலிருந்து உங்களுக்கும் ஒரு தட்டு போடுங்கள். சோறு குறைவாக இருந்தால் ஐந்து தட்டிலும் குறையட்டும். ஒரு தட்டில் மட்டும் குறைய வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையில் எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். தண்டல் விஷயத்தைச் சொன்னபோது அவர் என்ன சொன்னார் என்பதையும்.

அன்புடன்,
உங்கள் அக்கா